முழங்கால் உயரம்

அன்புத் தங்கைக்கு,

கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

பள்ளிகளுக்குப் பெஞ்சு செய்ய யாரால் முடியும், எப்படிச் செய்யலாம் என்று டெண்டருக்கு முன்பே கல்வி அலுவலகம் கேட்டு எழுதியிருந்ததே, நினைவிருக்கிறதா? நீ தெருப் பிள்ளைகளை நம் பட்டறை வாசலில் உட்காரவைத்து முழங்கால் உயரம் அளந்தாய். மூன்று அளவில் செய்யலாம் என்று பதில் எழுதிக் கொடுத்தாய். "அனுப்பிட்டேன்" என்றேன். அனுப்பவில்லை. ஆர்டரே இல்லாத கடிதத்துக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று டிராயரில் போட்டுவிட்டேன்.

டெண்டர் ஒரே அளவில், எல்லாப் பள்ளிக்கும் மொத்தமாக வந்தது. பெரிய கம்பெனிக்குப் போனது. "நம்ம பேச்சை யாரு மதிக்கிறாங்க" என்று நீ பட்டறையை விட்டே போனாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் கல்வி அலுவலகத்துக்கே போய், ஏன் ஒரே அளவு என்று அங்கிருந்த அலுவலரிடம் கேட்டேன். "சின்னப் பட்டறை ஒண்ணுகூட பதில் போடலையே. போட்டிருந்தா ஆர்டரைப் பிரிச்சுக் கொடுத்திருப்போம்" என்றார்.

நேற்று உன் மருமகளை ஒன்றாம் வகுப்பில் விடப் போனேன். புதுப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். கால் அந்தரத்தில் தொங்கியது.

"அத்தை அளந்தாங்களே, அப்புறம் ஏம்ப்பா எட்டல?"

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்