வலிக்காத ஒரு சுற்று

மேற்குத் தாம்பரம்,
6.3.1994

அன்புள்ள மங்கைக்கு,

அம்மா எழுதுவது. உன்னையும் மாப்பிள்ளையையும் அண்ணாமலையார் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், ஒரு கால் மட்டும் கொஞ்ச காலம் நன்றாக இல்லாமல் இருந்தது, அதைத்தான் இதில் எழுதப்போகிறேன். படித்துவிட்டுப் பதறாதே, சரியான பிறகுதான் எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போர்ட் பிளேரில் கப்பல் வரத் தாமதம் என்று எழுதியிருந்தாய், இங்கே கவர் ஈரம்பட்டு ஒட்டிக்கொண்டு வந்தது, ஆவியில் காட்டிப் பிரித்தேன். நம் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுக்காரருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாகிவிட்டது, நம் மாடியில் இப்போது நான் ஒருத்திதான், மற்ற மூன்று வீடும் பூட்டிக் கிடக்கிறது. ஸ்டேஷனில் என் டிக்கெட் கவுண்டரில் மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லை, சில்லறை இல்லை என்று தினமும் சண்டை.

நான் மைதானத்துக்கு ஓடப் போகிறேன் என்று போன ஆடியில் எழுதியபோது நீ நம்பவே இல்லை. அது எப்படி ஆரம்பித்தது என்று நான் சரியாகச் சொல்லவில்லை. உன் அப்பா அதிகாலை முதல் ரயிலை ஓட்டப் போன காலத்திலிருந்து இந்த வீடு நாலரை மணிக்கு எழுந்துவிடும். அப்பா போன பிறகும் உனக்குக் காலேஜ், எனக்கு அவர் இடத்தில் கிடைத்த வேலை என்று காலையில் இரண்டு பேரும் முட்டிமோதிக்கொண்டு கிளம்புவோம். நீ கல்யாணமாகிக் கப்பல் ஏறிய பிறகும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பாலைக் காய்ச்சிக் காபி குடித்து ஒரு தம்ளரைக் கழுவி வைத்தால் வேலை முடிந்தது, டியூட்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் அப்படியே கிடக்கும். அப்போதுதான் பிளாட்பாரம் பெருக்கும் கங்கம்மா, உனக்குத் தெரியும், வெற்றிலை போட்டுக்கொண்டு உன்னைப் பாப்பா பாப்பா என்று கூப்பிடுவாளே, அவளுக்குச் சர்க்கரை என்று டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். தனியாகப் போக ஒரு மாதிரி கீதுக்கா, நீயும் வாயேன் என்று ரயில்வே மைதானத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நடக்கப் போன எங்களைப் பார்சல் ஆபீஸ் ஜெபசீலன் பார்த்துவிட்டார். வாலிபத்தில் ரயில்வேக்காக ஓடினவர். தை மாதம் பெரம்பூரில் நடக்கும் விளையாட்டுப் போட்டியில் நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு இந்த வருஷம் ரிலே வைக்கிறார்கள், குச்சியைக் கை மாற்றி ஆளுக்கு ஒரு சுற்று ஓட வேண்டும், நாலு பேர் இருந்தால் போதும் என்று பிடித்துக்கொண்டார். அவர் ஆபீஸில் டைப் அடிக்கும் சாராளும், பெருங்களத்தூர் ஸ்டேஷனில் தண்ணீர் ஊற்றும் அங்காளம்மாவும் சேர்ந்தார்கள், நான் நாலாவது. நீ விட்டுப்போன மாம்பழக் கலர் சுடிதாரைப் பக்கத்தில் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். முதல் நாள் பால் பூத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. ஓடிவிட்டு நாலு பேரும் மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்து, கங்கம்மா கொண்டுவரும் மோரைக் குடித்துக்கொண்டு மாமியார் கதை பேசுவோம். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் ஓடினேன் என்று இப்போது தெரிகிறது.

ஐப்பசி கார்த்திகை மழையில் மைதானம் குளமாகிவிட்டது. போட்டிக்கு நாள் நெருங்குகிறது, சும்மா இருக்கக் கூடாது என்று ஜெபசீலன் எங்களை முடிச்சூர் ரோட்டில் ஓட விட்டார். மண்ணில் ஓடிய கால் தாரில் ஓடியது, அதுவும் முன்னைவிட இரண்டு மடங்கு தூரம். என் கேன்வாஸ் ஷூ அடியில் அப்பளம் மாதிரி தேய்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலைக்கு அழைத்துப்போய் மலைப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். அவர் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாங்கள் ஓடி ஏறி, ரங்கநாதரைச் சேவிக்கக்கூட மூச்சில்லாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் வலதுகாலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கத்து எலும்பின் உள்ஓரமாக ஒரு வலி தெரிந்தது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானால் போய்விடும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஓடி முடிக்கும் வரைக்கும் வலித்தது. பிறகு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தது. நீலகிரித் தைலம் தேய்த்தேன், மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீவினேன். மார்கழியில் படுத்திருக்கும்போதே விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. உனக்குப் பொங்கலுக்கு எழுதிய கடிதத்தில்கூட பனி அதிகம், அரிசி நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினேன். சொன்னால் ஓடாதே என்பார்கள். ஓடாவிட்டால் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கங்கம்மாதான் கண்டுபிடித்தாள். டியூட்டி முடிந்து மேம்பாலத்துப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன், துடைப்பத்தோடு கீழே நின்றுகொண்டிருந்தவள், இன்னாக்கா இது, கால இஸ்துகினு வர்ற, எத்தினி நாளா இப்பிடி கீது என்றாள். சுளுக்கு என்றேன். சுளுக்குன்னா வீங்கும், எங்க காட்டு என்று அங்கேயே குந்தி, எலும்பில் விரலை வைத்தாள், எனக்கு உயிர் போய் வந்தது, கத்திவிட்டேன், பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒடஞ்சி பூட்டா உனுக்கு யாரு சோறாக்கிப் போடுறது, நாந்தான வரணும், எனுக்கு வேற வேல இல்லியா என்று எல்லாருக்கும் கேட்கத் திட்டினாள். வெகு நாள் கழித்து ஒருத்தர் என்னைத் திட்டினது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, வலியால் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மறுநாளே கிழக்குத் தாம்பரத்தில் எலும்பு டாக்டர் ஸ்ரீநிவாசராகவனிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்ன வயதுதான், பொறுமையாகப் பார்த்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எலும்பில் கீறல் விட்டிருந்தால் ஆரம்பத்தில் படத்தில் தெரியாது, மூன்று வாரம் கழித்து ஆறும்போதுதான் வெள்ளையாகத் தெரியும், ஒரே இடத்தில் தொட்டால் இப்படி வலிப்பதால் அதுவாகத்தான் இருக்கும் என்றார். சூட்டு ஒத்தடமும் தேய்ப்பதும் கூடாது, ஐஸை டவலில் சுற்றி வையுங்கள், ஆறு வாரம் ஓட்டம் கிடையாது, வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும் நடக்கலாம், இதே காலோடு ஓடினால் கீறல் முழுசாக உடைந்து மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். வலி ஆரம்பிச்சப்பவே நிறுத்தியிருந்தா சீக்கிரம் சரியாப் போயிருக்கும்மா, இவ்வளவு வலியோட ஏன் ஓடினீங்க என்று கேட்டார். நான் குனிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். கங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

இதை ஜெபசீலனிடம் சொல்லப் போனேன். போட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லை, நாலு பேரில் ஒருத்தி நின்றுவிட்டால் மற்ற மூன்று பேரும் ஓட முடியாதே, என்ன சொல்லித் திட்டப் போகிறாரோ என்று பயந்தேன். அதனால என்ன மேடம், உடம்புதான முக்கியம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று சாயங்காலமே பல்லாவரம் கவுண்டர் காந்திமதியைப் பிடித்து என் இடத்தில் போட்டுவிட்டார். நல்ல மனுஷர், நியாயமாகத்தான் செய்தார். ஆனாலும் மங்கை, அவர் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. போட்டிக்குப் போக மனமில்லை, கங்கம்மா விடவில்லை. பெரம்பூர் மைதானத்தில் அவர்கள் பைகளை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அங்காளம்மா ஓடி, சாராள் ஓடி, குச்சி காந்திமதி கைக்கு வந்தது. நான் ஓட வேண்டிய சுற்று அது. மான் மாதிரி ஓடினாள், என்னைவிட நன்றாகவே ஓடினாள், முன்னால் போனவளைத் தாண்டிக் கங்கம்மா கையில் குச்சியைக் கொடுத்தாள். இரண்டாவதாக வந்தார்கள். நானும் எழுந்து நின்று கத்தினேன். போட்டோ எடுக்கும்போது நீயும் வந்து நில்லுக்கா என்று கங்கம்மா கையைப் பிடித்து இழுத்தாள், பையை யார் பார்ப்பது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள், எனக்கு டியூட்டி இருக்கிறது என்றேன். அன்றைக்கு எனக்கு ஓய்வு நாள். சென்ட்ரலில் இறங்கி, காலை மெதுவாக வைத்துப் பார்க் ஸ்டேஷன் வரை நடந்து, தாம்பரம் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தேன். குரோம்பேட்டை தாண்டும்வரை பக்கத்தில் யாரோ ஒரு பெண் குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கும் ஒரு சுளை கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நாட்கள் நகரவே இல்லை. டாக்டர் சொன்னபடி ஐஸ் வைத்தேன், ராகியும் பாலும் சாப்பிட்டேன், நாற்காலியில் உட்கார்ந்து காலை மேலும் கீழும் ஆட்டினேன். மறுபடி எடுத்த படத்தில் எலும்பில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, கீறல் இருந்ததும் உண்மை, இப்போது எலும்பு ஒட்டிக்கொண்டதும் உண்மை என்று டாக்டர் காட்டினார். இதற்குள் போட்டி முடிந்ததால் சாராள் வருவதை நிறுத்திவிட்டாளாம். அங்காளம்மா மகள் பிரசவத்துக்குத் திண்டிவனம் போய்விட்டாள். கங்கம்மாவைச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என் கவுண்டர் ஜன்னலில் தலையை நுழைத்து, ஐஸ் வெச்சிக்கினு இருக்கியா, டபாய்க்காத என்று கேட்டுவிட்டுப் போனாள். டிக்கெட்டுக்கு நின்றவர்கள் அவளைச் சத்தம் போட்டார்கள், நான் சில்லறையை எண்ணிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினேன்.

போன வாரம் டாக்டர், மண் தரையில், நல்ல ஷூ போட்டுக்கொண்டு, கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடந்து பார்க்கலாம், வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். அடி தடிமனாக இருக்கும் ஷூ வாங்கினேன். இன்று காலை மைதானத்துக்குப் போனேன். யாரும் இல்லை, இரண்டு எருமை மேய்ந்துகொண்டிருந்தது. முதலில் நடந்தேன், பிறகு பயந்து பயந்து ஓடினேன், நின்று எலும்பை அழுத்திப் பார்த்தேன், மறுபடி ஓடினேன். அப்படியே ஒரு முழுச் சுற்று வந்துவிட்டேன். வலிக்கவில்லை மங்கை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சொல்வதற்குத் திரும்பிப் பார்த்தேன், எருமைதான் நின்றது. நேரே வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடு என்று நீயும் மாப்பிள்ளையும் எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம், எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கிறது, வேலை பிடித்தும் இருக்கிறது. நாளைக்கும் மைதானத்துக்குப் போவேன், யாரும் வராவிட்டாலும் போவேன். ஆனால் மே மாதம் உன் ஸ்கூலுக்கு லீவு என்று தெரியும். போன வருஷம் லீவுக்கு வரட்டுமா என்று நீ கேட்டபோது உன் சௌகரியம்போல் செய் என்று எழுதினேன், நீயும் சௌகரியப்படவில்லை என்று இருந்துவிட்டாய், உன்மேல் தப்பில்லை. இந்தத் தடவை அப்படி எழுதப் போவதில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வா.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல். ஸ்கூலில் பிள்ளைகளோடு நீயும் சிமெண்டுத் தரையில் ஓடுகிறாய் என்று எழுதியிருந்தாய், செருப்போடு ஓடாதே, காலில் எங்கேயாவது வலி வந்தால் என்னை மாதிரி மூடி வைக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல். கப்பல் டிக்கெட்டுக்கு இப்போதே எழுதிப் போடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
அபிதகுஜாம்பாள்