நான் அச்சடித்த நோட்டீஸ்

நல்லம்பள்ளி,
14-10-1939

சென்னைக் கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் மருமகன் சிரஞ்சீவி மாரப்பனுக்கு, நல்லம்பள்ளி ராஜ்யத்தின் முடிசூடாத சக்கரவர்த்தி சென்னப்ப மாமன் ஆசி கூறி எழுதுவது.

இங்கே யானை மிதக்கும் மழை. சரி, உண்மையில் ஏரி பாதிதான் நிரம்பியது. உன் அம்மா ராமக்கா தன் இரண்டு காலாலும் நடந்து வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள். அழுகிப்போக இருந்த அவள் காலை அறுக்காமல் காப்பாற்றிய டாக்டர் பெர்க்மனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஜெர்மனியோடு சண்டை தொடங்கியதும் போலீஸ் அவரைப் பிடித்துப் போனது. எதிரி நாட்டு உளவாளியாம். அத்தாட்சி, அவர் இங்கே ஆஸ்பத்திரி திறந்தபோது நான் அச்சடித்த நோட்டீஸ். "ஜெர்மன் சர்க்காரின் அந்தரங்க வைத்தியர்" என்று போட்டிருந்தேன். மளிகைக் கடைக்காரரை வள்ளல் என்று போடுவதில்லையா, அதுபோலத்தான். இன்ஸ்பெக்டர் அதை நீட்டி, "நீங்களே எழுதியிருக்கீங்களே" என்றார். அத்தனையும் பொய்ங்க என்று கெஞ்சினேன். "ஊரே சிரிக்கிற வாயி, இன்னிக்கு மட்டும் நெசம் பேசுதுன்னு யாருடா நம்புவாங்க?" என்று கேட்டாள் உன் அம்மா.

உண்மை இதுதான். அவர் யூதர். அந்தச் சர்க்கார்தான் அவரைத் துரத்தியது. வைத்தியம் பார்க்கக் கூடாது என்றார்கள். அண்ணனை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு டப்பா வந்தது. உள்ளே சாம்பல். இதை அவர் சொன்ன அன்று, கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

போலீஸ் அவரை அடைத்து வைத்திருக்கும் சென்னை முகாமிலிருந்து அவர் கடிதம் நேற்று வந்தது. தாயார் எப்படியோ தப்பி, இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கிறாராம். இங்கே வர மகன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அடைபட்டவர் கையெழுத்து செல்லாது. இந்த மாதக் கடைசிக்குள் ஜாமீன் போய்ச் சேராவிட்டால் அந்த அம்மாளை ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இத்துடன், அவரை விடுவிக்கக் கேட்டு ஊரார் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட மனு இருக்கிறது. நோட்டீஸ் பொய் என்று நானே எழுதியிருக்கிறேன். என்னை உள்ளே போட்டாலும் சரி. உன் துரையிடம் நேரில் கொடு. டாக்டரின் பாஸ்போர்ட்டில், யூதர் என்பதற்காக அந்த நாட்டார் குத்திய சிவப்பு எழுத்தைப் பார்க்கச் சொல்.

வழக்கமாக உனக்கு ஆயிரம் வருஷம் ஆயுள் கொடுப்பேன். இந்த முறை, நன்றாயிரு. மாதம் முடியப் பதினேழு நாள் இருக்கிறது. பதினேழேதான், மாரப்பா.

உன் மாமன்
சென்னப்பன்