இரண்டு தடவை திருப்பிய பூட்டு

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். போனில் பேசியிருக்கலாமே, எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாய் என்று கேட்பாய். போனில் என்றால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், நீ உடனே என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு என்று பதறுவாய், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். காகிதத்தில் என்றால் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டுத் தொடரலாம்.

என் முழங்கால் பரவாயில்லை, டாக்டர் கொடுத்த பட்டையைக் கட்டிக்கொண்டுதான் நம் சாவிக் கடைக்குப் போகிறேன், வேலை நேரத்தில் மட்டும் கழற்றிவிடுகிறேன், அதை டாக்டரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. கண்டக்டர் வேலையில் உன் அப்பாவுக்கு இன்னும் எட்டே மாதம்தான் சர்வீஸ். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்கு வந்து எனக்கு ஒத்தாசையாக உட்காரப் போகிறாராம், கடையை நினைத்தால் எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது. போன வாரம் லீவு நாளில் வந்து, வெட்டாத சாவிகளை நான் ரகவாரியாக மாட்டி வைத்திருந்ததை எல்லாம் கழற்றி, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நிறவாரியாக மாட்டிவிட்டார். ஒரு அலமாரிச் சாவி தேடி அரை நாள் போயிற்று. கேட்டால் கடைக்கு இப்பதான் ஒரு களை வந்திருக்கு என்கிறார். அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சாம்பல்கோட்டு உளவாளிப் படம் புதிதாக ஒன்று வந்ததே, அதைப் பார்த்தோம். இந்தத் தெருவில் அந்த உளவாளியால் வரும் சண்டைகள் உனக்கு மறந்திருக்காது. முப்பது வருடத்தில் கோட்டு மாறவில்லை, உள்ளே இருக்கிற ஆள் மட்டும் ஐந்து தடவை மாறிவிட்டார், அந்த ஐந்து பேரில் யார் ஒஸ்தி என்று இவர்கள் போடும் கூச்சலும் ஓயவில்லை. உன் அப்பா இன்றைக்கும் முதல் ஆள் கட்சிதான், அந்த நடை எவனுக்கு வரும், அவன் நடந்து வந்தாலே கதவு தானா தொறக்கும் என்பார். மருந்துக்கடைக்காரர் மீசைக்காரர் கட்சி. சலூன்காரர் புது ஆளுக்காக உயிரையே விடுவார், முதல் ஆளின் பக்கம் பேசினால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாதாடுவார், பாதி வெட்டிய தலையோடு வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான். நான் எந்தக் கட்சியும் இல்லை. ஐந்து பேரில் ஒருத்தருக்கும் பூட்டுத் திறக்கத் தெரியாது, காது குடைகிற மாதிரி கம்பியை விட்டு ஆட்டுகிறார்கள், பூட்டும் பயந்துபோய்த் திறந்துகொள்கிறது என்று நான் சொல்வேன். உடனே எல்லோரும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னை அடக்குவார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

இந்தப் படத்தில் ஒரு மாளிகைக் காட்சி வருகிறது. கீழே காவல்காரர்கள் படியேறி வருகிறார்கள், புது ஆள் ஒரு கதவைத் திறக்க வேண்டும். முகத்தைக் காட்டிவிட்டு, கறுப்புக் கையுறை போட்ட கைகளை மட்டும் பெரிதாகக் காட்டுகிறார்கள். நான் வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கத் தயாராக இருந்தேன். அந்தக் கை, வளைந்த கம்பியை முதலில் வைத்தது, சுண்டுவிரலைக் கதவில் ஊன்றிக்கொண்டது, பூட்டுக்குள் இருக்கிற பின்களை அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் தூக்கியது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பூட்டு திறந்தது. திறந்த பிறகு அந்தக் கை என்ன செய்தது தெரியுமா, நீ செய்ததை நான் உனக்கே சொல்கிறேன் பார், பூட்டை மறுபடி மூடுகிற பக்கம் பாதி திருப்பி, திரும்பவும் திறந்து, ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது. உயிர் போகிற அவசரத்தில் எந்த உளவாளியடி அப்படிப் பார்ப்பான். வேலை முடிந்து பூட்டை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியவர்கள் செய்கிற காரியம் அது. இரண்டு தடவை திருப்பிப் பார்க்காமல் ஒரு வாசலை விட்டும் நகராதே என்று உன் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தது நான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார், அப்புறம் படம் முடிகிற வரை கண்ணீர் நிற்கவில்லை. உன் அப்பா கைக்குட்டையை எடுத்து நீட்டினார், என்ன என்று கேட்கவில்லை.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம். சினிமாக் கம்பெனியில் சாமான் பிரிவில் வேலை, எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய். எனக்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை, அந்தக் கையுறைக்குள் இருந்தது நடிகரின் கை இல்லை, உன் கை, பெற்றவளுக்கும் வேலை சொல்லிக் கொடுத்தவளுக்கும் தெரியாத கையா. யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அவரிடம் ஒன்றைச் சொன்னால் அது அடுத்த டிரிப்பிலேயே எல்லா ஸ்டாப்பிலும் இறங்கிவிடும்.

ஆனால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐந்து வாரமாகத் தெருவில் இதே பேச்சு. அந்த இரண்டாவது திருப்பலைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சலூன்காரர், ஆள் வந்துட்டு இருக்கான், இவன் நிதானமா திருப்பிப் பாக்கறான் பாருங்க, அதுதாங்க நடிப்பு, ஆம்பளக் கைன்னா அதுங்க என்கிறார். எனக்கு உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலகத்து மாடியில் இதற்கென்றே கூட்டம் போட்டார்கள். எல்லோரும் பேசிய பிறகு சீட்டில் எழுதி ஓட்டுப் போட்டு, ஐந்து பேரில் யார் என்று ஒரேயடியாகத் தீர்த்துவிடுவது. எந்தக் கட்சியிலும் இல்லாத ஆள் நான் ஒருத்திதான் என்று நூலகர் என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார், அதனால் எனக்கு ஓட்டுக் கிடையாது. நாற்பது பேருக்கு நாற்காலி போட்டு அதற்கு மேலும் நின்றார்கள். முன்வரிசையில் கணக்கு டீச்சர். உன் அப்பா முதல் ஆளுக்காகப் பத்து நிமிஷம் பேசினார், நடந்தும் காட்டினார், பின்வரிசையில் விசிலடித்தார்கள். கடைசியாகச் சலூன்காரர் எழுந்து, நடுவரம்மா நியாயமா சொல்லட்டும், இந்தப் படத்துல அந்தப் பூட்டு வேல சரியா இல்லையா என்று கேட்டார். சரி என்றேன், சுத்தமான வேலை என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம் அந்த மனுஷன். டீச்சர் வீட்டுக் கதவ நீங்க ஒரே நொடியில தொறந்தீங்களே, அதுக்கப்புறம் அப்படி ஒரு கைய இந்தப் புது ஆளுகிட்டதான் பாத்தேன், உங்க கை மாதிரியே இருக்கு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வாலு, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. டீச்சர் வீட்டுக் கதவு என்று யாராவது சொன்னால் ஏழு வருடமாக எனக்குச் சோறு இறங்காது. அது நடந்த மாதமே நீ கடையை விட்டுக் கிளம்பினாய். வேற வேல பாக்கறேன்மா என்று மட்டும் சொன்னாய், நானும் சரி என்றேன், இரண்டு பேரும் காரணத்தை வாயால் சொல்லவில்லை.

நான் எழுந்து நின்றேன். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை, இந்தக் கதவைப் பற்றிச் சொல்லலாம் அல்லவா. அவர்களுக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன். பூட்டுக்குள் ஐந்து குட்டி பின்கள் இருக்கும், வளைந்த கம்பியை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு இன்னொரு கம்பியால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும், ஐந்தும் நின்றால்தான் திரும்பும். அன்றைக்கு டீச்சரின் மாமனார் உள்ளே எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் கிடந்தார், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஜன்னலில் புகை, வாசலில் ஊரே நின்றது. என் மகள் பத்து நிமிஷமாக மண்டியிட்டிருந்தாள். நான் ஓடி வந்து, தள்ளு, உனக்கு வராது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, வளைந்த கம்பியை அழுத்தியிருந்த அவள் விரல் மேலேயே என் விரலை வைத்து, அழுத்தம் தளராமல் வேலையைப் பிடுங்கிக்கொண்டேன். இன்னொரு கம்பியை உள்ளே விட்ட அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான்கு பின்கள் ஏற்கனவே நின்றிருந்தன. நான் தூக்கியது ஒன்று. நீங்கள் எல்லோரும் எனக்குக் கை தட்டினீர்கள், நான் வாங்கிக்கொண்டேன். அவளுக்கும் தெரியும், இருந்தும் அம்மாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தால் அவளே திறந்திருப்பாள். இவ்வளவையும் நிறுத்தாமல் சொன்னேன், அதுவரை நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

டீச்சர்தான் முதலில் எழுந்து, அப்ப இத்தன வருஷமா நான் தப்பான ஆளுக்கு நன்றி சொல்லிட்டு இருந்திருக்கேன், பொண்ணோட விலாசம் குடுங்க என்றார். கொடுத்திருக்கிறேன், அவர் தனியாக எழுதுவார்.

பிறகு ஓட்டெடுப்பு. நூலகர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். புது ஆளுக்கும் முதல் ஆளுக்கும் விடாப் போட்டி, கடைசிச் சீட்டு பாக்கி இருக்கும்போது புது ஆள் ஒரு ஓட்டு முன்னால். உன் அப்பா கட்சிக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள், இது முதல் ஆளுக்கு விழுந்தால் சமம். நூலகர் சீட்டைப் பிரித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். இதில் ஆள் பெயரே இல்லை, கைகளுக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறது, செல்லாது என்று சொல்லி, சரிதானா என்று கேட்க என்னிடம் நீட்டினார். முப்பது வருடமாக டிரிப் ஷீட்டில் நான் பார்க்கிற அதே கோணல் எழுத்து. நிமிர்ந்து பார்த்தேன், உன் அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லாது என்றேன். அவருடைய ஆள் ஒரு ஓட்டில் தோற்றார், சலூன்காரரை நாற்காலியோடு தூக்கினார்கள். ஐந்து வாரமாக உன் அப்பாவும், அது உன் கை என்று தெரிந்தும், ஒருவரிடமும், என்னிடம்கூட, சொல்லாமல்தான் இருந்திருக்கிறார். வீட்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், தெருவில் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், குளிரில் வெடிக்க விடாதே. டீச்சர் கடிதம் வந்ததும் மறக்காமல் பதில் போடு. நீ எங்கிருந்தாலும் நல்ல பெயரோடும் ஆரோக்கியத்தோடும் நூறு வயது வாழ வேண்டும். அங்கே உன் பெயரைத் திரையில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். டீச்சர் வீட்டுக் கதவைத் திறந்தது நீதான் என்று இங்கே இப்போது எல்லோருக்கும் தெரியும்.

உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும்,
உன் அம்மா