என் பெயரில் இருந்த வீடு

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பியபோது லிஃப்டில் யாரோ பூசியிருந்த தைலத்தின் வாசனை. துபாய் கராமாவின் இந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் மெதுவாகத்தான் இறங்கும். கீழே வருவதற்குள், உங்கள் வலது தோளைத் தேய்த்துவிட்ட அத்தனை காலைகளும் திரும்ப வந்துவிட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பக்கவாதம் வந்த அன்று நீங்கள் சைட்டில் இருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு போய்விடவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கம்பெனி சில மாதம் பொறுத்தது. பிறகு வேலை போயிற்று, அதோடு விசாவும் இன்சூரன்ஸும். கணவர் என்று காட்டி உங்களை என் விசாவில் சேர்த்துக்கொண்டேன். "இனி நான்தான் உங்க கஃபீல், உங்க ஸ்பான்சர்" என்றேன். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தீர்கள்.

வருடக்கணக்கில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை மதியம் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து, நம்மிடம் இருப்பதையெல்லாம் எழுதினேன். உங்கள் பெயரில் இருப்பது, என் பெயரில் இருப்பது, இருவருக்கும் பொதுவானது. உங்கள் கிராஜுவிட்டி, ஊர் வங்கியில் போட்டிருந்த டெபாசிட், என் நகை, என் சம்பளம். எப்படிக் கூட்டினாலும் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. மிச்சம் இருந்தது கோவையில், வடவள்ளி வீடு. கடைசிக் காலத்துக்கென்று கட்டியது. லீவில் போனால்கூடச் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் அதில் இருந்ததில்லை.

நான் எழுதுவதற்கு முன்பே இடது கையால் தாளை மூடினீர்கள்.

"வீடு... வேண்டாம்."

"பின்ன எப்படிங்க பாக்கறது?"

நெடுநேரம் தேடினீர்கள். "என்னைய... ஊர்ல ஹோம்ல விடு. நீ... டியூட்டியப் பாரு."

உங்கள் அண்ணனும் போனில் அதையேதான் சொன்னார். "வீட்ட வித்துப்போட்டு நாளைக்கு நீ எங்க போவே அம்மிணி? கோயமுத்தூர்ல நல்ல ஹோமெல்லாம் இருக்குது. செலவும் கம்மி."

அவர் சொன்னதில் தப்பில்லை. கணக்கு டீச்சரான எனக்கு அது தெரியாதா? ஆனால் நான் இங்கே, நீங்கள் அங்கே, வருடத்துக்கு ஒரு லீவு. அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டை என் பெயரில் பதிந்தவர் நீங்கள்தான். "எனக்கு ஏதாச்சும் ஆனா நீ யார்கிட்டயும் போயி நிக்கக் கூடாது" என்று அப்போது சொன்னீர்கள். அதையே உங்கள் மேல் திருப்பினேன்.

"வீடு யார் பேர்லங்க இருக்குது?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவரை உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. ஊருக்குப் போய்ப் பத்திரம் முடித்துக்கொடுத்துத் திரும்பிய அன்று, இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தீர்கள். வெகுநேரம் விடவில்லை.

அந்தப் பணத்தில் பகலுக்கு ஒரு நர்ஸ் வைத்தோம். அல் குசைஸ் பள்ளியிலிருந்து நான் வருகிற நேரத்துக்குச் சக்கர நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்லியிருப்பீர்கள். "இன்னைக்கு... என்ன... பாடம்?" என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் என் டீ ஆறிவிடும். நான் காத்திருப்பேன். இரண்டே கால் வருடம் அப்படி இருந்தோம். பிறகு ஒரு சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, நான்கே நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

ஊரில் எனக்கு இப்போது வீடில்லை. உங்கள் அண்ணன் சொன்ன அந்த 'நாளைக்கு' ஒருநாள் வரத்தான் போகிறது. சில சமயம் பயமாக இருக்கிறது. விற்றதற்காக மட்டும் ஒருநாளும் வருந்தியதில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை விடை வராமல் எழுந்து நின்றால் இப்போதெல்லாம் நான் அவசரப்படுத்துவதில்லை. "மிஸ், நெக்ஸ்ட்" என்கிறார்கள் மற்றவர்கள். நான் காத்திருக்கிறேன். பெரும்பாலும் விடை வந்துவிடுகிறது. வீட்டிலும் அதே பழக்கம்தான். தனியாக ஏதாவது சொல்லிவிட்டு, நீங்கள் பேசி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.