என்னைக் கேட்காமல் வாசித்த ஓலை

1867 ஏப்ரல் 23, செவ்வாய்

இன்று ஏனோக்கு டக்வெல்லின் கழுத்து சுத்தமாக இருந்தது. சட்டைப் பட்டிக்கு மேலே காது வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துச் சிவந்துபோன கழுத்து. எங்கள் ஊரில் ஞாயிறு தவிர வேறு நாளில் யாரும் கழுத்தைக் கழுவுவதில்லை. அதிலும் அவன் கூரை வேய்கிறவன். கோதுமைத்தாள் தூசு அவன்மேல் எப்போதும் இருக்கும்.

கிணற்றடியிலிருந்து என் வாளியை வீடு வரைக்கும் தூக்கி வந்தான். வழியெல்லாம் பேச்சு. அவன் அம்மாவின் முழங்கால் வலி, கோயில் கூரையில் கூடு கட்டும் குருவிகள், அவன் வீட்டு ரொட்டி அடுப்பு எவ்வளவு சீக்கிரம் சூடு பிடிக்கும் என்பது. வாசலில் நின்று, "என்ன புள்ள சொல்றே?" என்றான். எதற்குச் சொல்ல வேண்டும்? அடுப்புக்கா, முழங்காலுக்கா? நான் வாயைத் திறப்பதற்குள், "சரி சரி, உனக்குக் கூச்சம். புரியுது" என்று வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டான். பாதித் தண்ணீர் என் காலில்.

ஏப்ரல் 25, வியாழன்

மேட்டுப் பண்ணை பர்க்கிஸ் அம்மா என்னை வேலைக்குக் கூப்பிட்டார்! பால் அறைக்கு ஆள் வேண்டுமாம். மே பதின்மூன்றாம் தேதியிலிருந்து வரலாம். பாலாடைக்கட்டி செய்யக் கற்றுத் தருவாராம். "வாயாடிங்க எனக்கு ஆகாது. நீ வா" என்றார்.

தம்பிகளைப் பார்த்துக்கொள்ளப் பத்து வயதில் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இந்த ஏழு வருஷத்தில் யாராவது என்னை எதற்காவது வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது?

ஏப்ரல் 28, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

ஆராதனையில் போதகர் சிம்ஸ் ஐயா கல்யாண ஓலை வாசித்தார். "ஏனோக்கு டக்வெல், கெசியா லவ்லாக், இருவரும் இந்தச் சபையைச் சேர்ந்தவர்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லலாம். இது முதல் தடவை." இப்படி மூன்று ஞாயிறு வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம்தான்.

எங்கள் சபையில் இன்னொரு கெசியா லவ்லாக் இருக்கிறாளா, பாவம், என்று நினைத்தேன். அதற்குள் எல்லா பெஞ்சும் என் பக்கம் திரும்பிவிட்டது.

வெளியே வந்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். "அடி கள்ளி! பெத்தவகிட்டகூட மூச்சு விடலியே!"

"அம்மா, நான் வந்து—"

"அந்த வீட்ல ரொட்டி அடுப்பு இருக்குடி!"

ஏனோக்கு அதற்குள் அம்மாவை "அத்தே" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான். அவன் பேசுவான், இவள் கேட்பாள், பூட்டும் சாவியும் மாதிரி என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். நான் எப்போது சரி என்றேன்? வாளியோடு நின்றபோதா?

ஏப்ரல் 30, செவ்வாய்

பர்க்கிஸ் அம்மா கூப்பிட்டதை அம்மாவிடம் சொன்னேன். "கல்யாணம் ஆகப்போறவள அவங்க எதுக்கு வெச்சுக்குவாங்க?" என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்னேன். ரொட்டி மாவிடம்தான்.

மே 1, புதன்

ஏனோக்கிடமே சொல்லிவிடப் போனேன். அவன் கொல்லன் வீட்டுக் கூரைமேல் இருந்தான். கீழே நின்றேன். என்னைப் பார்த்ததும் பேசத் தொடங்கினான். மூச்சு விட நிறுத்துவான், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவன் பேசிக்கொண்டே மூச்சு விடுகிறான்.

மே 2, வியாழன்

வாயால் முடியாததைக் கையால் செய்தேன். கடிதம்: "ஏனோக்கு அவர்களுக்கு. நான் சரி என்று சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் வேண்டாம். மேட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறேன். தயவுசெய்து போதகரிடம் சொல்லி ஓலையை நிறுத்திவிடுங்கள். மன்னிக்கவும். கெசியா லவ்லாக்."

அவன் வீட்டுக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது!

மே 4, சனி

ஐயோ.

காலையில் ஏனோக்கு கண்கலங்கி வந்து நின்றான். கோபம் என்று நினைத்தேன். "ஒன் வாயில இருந்து ஒரு வார்த்த வராது, ஆனா எழுத்துல என்னமா கொட்டுறே புள்ள! 'உங்க குரலக் கேக்காத நாளு எனக்கு நாளே இல்ல'ன்னு எழுதியிருக்கியே! எங்கம்மா முழங்காலத் தெனமும் தேச்சு விடுறேன்னு சொல்லியிருக்கியே, அதக் கேட்டு அம்மா அழுதுட்டாங்க!"

அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நான் மறந்துவிட்டேன். ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற கோயில்பிள்ளை யாபேஸ் வாட்லியிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்திருக்கிறான்.

யாபேஸ் மாமாவுக்கு இரண்டு வருஷமாகக் கண் தெரிவதில்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுகிறார். அவர் நிற்பது பின்னால்தான், அதனால் பின் பெஞ்சில் உட்காருகிற எங்களுக்குத் தெரியும். போதகருக்கும் முன் பெஞ்சுக்காரர்களுக்கும் தெரியாது. ஆக, அந்தக் கடிதத்தை அவர் வாசிக்கவே இல்லை. தானாகவே ஒன்றை இட்டுக்கட்டியிருக்கிறார். அதுவும் முழங்காலோடு!

மே 5, ஞாயிறு

போதகர் ஓலையை இரண்டாம் தடவை வாசித்தார். எழுந்து நின்று தடை சொல்வதென்று தீர்மானித்துப் போயிருந்தேன். எழுந்தேன். பாதி எழுந்தேன். அதற்குமேல் முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். மயக்கம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள், ஒருத்தி என் தொப்பி நாடாவை அவிழ்த்தாள், இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். "சந்தோஷம் தாங்கல பாவம்" என்றார்கள்.

மே 8, புதன்

கல்யாணத் தொப்பிக்கு அம்மா என் தலையை அளந்தாள்.

மே 9, வியாழன்

யாபேஸ் மாமாவின் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தில் உண்மையில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்து பீன்ஸ் கொட்டிவிட்டது.

"கட்டிக்கப்போற பொண்ணு எழுதின கடுதாசில வேற என்ன பாப்பா இருக்கும்? அதான் மனசுக்குத் தோணினத வாசிச்சேன்."

"முழங்கால் எப்படி மாமா வந்துச்சு?"

"அது நடுவுல கொஞ்சம் நின்னுபோச்சு... ஏதாவது சொல்லணுமே." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு போனது ஐயாவுக்குத் தெரிஞ்சா வேற ஆள வெச்சுருவாரு. முப்பது வருஷமா இருக்கேன்."

நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். பிறகு சொன்னார்: "ஓலை முடிஞ்சதும் எப்பவும் நான்தான் தொண்டையக் கனைச்சு பாட்டு எடுத்துக் கொடுப்பேன். இந்த ஞாயித்துக்கெழம எடுக்கமாட்டேன். எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கோ."

மே 12, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள். மறக்கவா போகிறேன்!

"இது மூன்றாம் தடவை" என்றார் போதகர். யாபேஸ் மாமா கனைக்கவில்லை. கோயிலே அமைதியாக இருந்தது. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இந்தத் தடவை முழுதாக.

"தடை இருக்குங்க ஐயா."

போதகர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கெசியா, மணப்பெண் இப்போ நிக்க வேண்டியதில்ல. தடை சொல்றது யாரு?"

"ரெண்டும் நான்தாங்க ஐயா."

யாரோ சிரித்தார்கள். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். போதகர் காரணம் கேட்டார். "எங்கிட்ட யாரும் கேக்கல" என்றேன்.

ஏனோக்கு எழுந்துவிட்டான். "கேட்டேனே! கெணத்தடியில இருந்து வந்து, வாசல்ல வெச்சு கேட்டேனே!"

"கேட்டீங்க. பதிலுக்கு நிக்கல."

"அது நெசம்தான்டா" என்றாள் அவன் அம்மா, பக்கத்திலிருந்து. "இருபத்துநாலு வருஷமா எனக்கும் அதே கதிதான்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் நான் உட்காரவில்லை. "அப்ப அந்தக் கடுதாசி?" என்று கேட்டான்.

யாபேஸ் மாமா வெளுத்துப்போய் நின்றார். ஊரே என்னைப் பார்த்தது. அவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

"வேணாம்னுதான் எழுதினேன். என் கையெழுத்து ரொம்ப மோசம்" என்றேன். "பாதியில படிப்ப நிறுத்தினவ எழுத்து. யாரு வாசிச்சாலும் தப்பாத்தான் வரும்."

"ஆமென்!" என்றார் யாபேஸ் மாமா. அவ்வளவு சத்தமாக ஒரு ஆமென்னை அந்தக் கோயில் கேட்டதில்லை. போதகர் பேனாவை எடுத்து எங்கள் பெயரை அடித்தார்.

வீடு வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாசலில்தான், "அந்தத் தொப்பிய இப்ப என்னடி பண்றது?" என்றாள்.

கோயிலில் கடைசியாகச் சொன்னது பொய். கடவுள் மன்னிப்பாராக. என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

மே 13, திங்கள்

மேட்டுப் பண்ணை. பால் அறைக் கல்தரை சில்லென்று இருக்கிறது. தொப்பியை அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறாள். பால் கறக்கும்போது போட்டுக்கொள்ளலாமாம்.

ஜூன் 6, வியாழன்

பால் அறைக் கூரை ஒழுகியது. பர்க்கிஸ் அம்மா ஏனோக்கை வரச் சொல்லியிருந்தார். அவன் ஏணியைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேராகச் சாத்தினான். என்னைப் பார்த்தான், மரியாதைக்குத் தன் தொப்பியைத் தொட்டான். "நல்லாருக்கியா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, வாயில் ஒரு கோதுமைத்தாளைக் கடித்துக்கொண்டு, நின்றான்.

"நல்லாருக்கேன். ஏணி வெளிச்சத்த மறைக்குது, தள்ளி வைங்க" என்றேன்.

தள்ளி வைத்தான். நான் பாலாடைக்கட்டிக்கு உறையவைத்த பாலைக் கத்தியால் வெட்டத் தொடங்கினேன்.