மாமியார் இலையில் வைத்த இறால்

அத்தே,

இன்றைக்குக் காலையில் நெட்டுக்குப்பத்தில் என் குட்டியானை வண்டியை நிறுத்திச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். முகத்துவாரத்தில் பிடித்த இறால். கூடையில் இன்னும் மீசை ஆடிக்கொண்டிருந்தது. சேறும் உப்பும் கலந்த அந்த வாசனை, தினம் நான் மூச்சு விடுகிற வாசனைதான், இன்றைக்கு மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

இறால் விற்கும் கன்னியம்மா விடவில்லை. "இன்னா நைனா, மாமியாரு படையலுக்கு இந்த வாட்டி எறா வாங்கவே இல்ல? ஒனக்குன்னு பெர்சா பொறுக்கி வெச்சிருந்தேன். மாமியாரோட சண்டையா?"

செத்துப்போனவரோடும் சண்டை போடுகிற வாய்தான் என்னுடையது என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஏதாவது பதில் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்ததைவிட வெளியே முட்டி போட்டிருந்ததுதான் அதிகம்.

மாமா போன பிறகு நீங்கள் ராயபுரத்துக்கு, எங்கள் வீட்டோடு வந்தீர்கள். வந்த முதல் வாரமே நான் இறால் கொண்டுவந்து உங்கள் முன்னால் கொட்டினேன். மாமியாருக்கு மரியாதை செய்கிறேனாம். நீங்கள் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தீர்கள். கையெல்லாம் அரிக்கும் என்றீர்கள். உங்கள் மகள் விஜயாதான் உரித்தாள், விஜயாதான் ஆக்கினாள். நீங்கள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டீர்கள். நண்டு கொண்டுவந்த அன்றைக்கும் ரசம். சுறா கொண்டுவந்த அன்றைக்கும் ரசம்.

"இன்னாத்தே, எறா ஒங்கள பாத்து மொறைக்குதா?" என்று கேட்டேன்.

"மீசை வெச்சவங்கள்ல ஒன் ஒருத்தன சமாளிக்கறதே பெர்சா கீது மாப்ளே. அதுங்க வேறயா?" என்றீர்கள்.

இந்தத் தெருவில் எனக்குச் சரியாகத் திருப்பிக் கொடுக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனாலேயே உங்களை விடாமல் சீண்டினேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு விளக்கு ஏற்றுவீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு எந்த வீட்டில்தான் ஏற்றவில்லை? யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. உங்கள் விளக்குக்கு முன்னால் சாமி படம் மட்டும் இருக்காது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்பீர்கள். ஒருநாள் கதவைத் திறந்து, "சாமிய காணோம்னு அழுவுறீங்களா அத்தே?" என்றேன். கையை எடுக்காமலே சிரித்தீர்கள். சிரித்தீர்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இன்னொரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் தட்டை ஒதுக்கிவிட்டு, "மாப்ளே, எங்கம்மா வூட்டு சமாச்சாரம் ஒண்ணு கீது. ஒனக்கு சொல்லணும்" என்றீர்கள்.

"பொதையலா அத்தே? பாதி எனக்கு. இல்லாங்காட்டி போலீசுல சொல்லிடுவேன்."

விஜயா சிரித்தாள். என் மகள் தீபாவுக்குப் புரையேறியது. நீங்களும் சிரித்து, "ஆமா, பொதையல்தான்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தீர்கள். சமாச்சாரம் அதோடு முடிந்தது.

நீங்கள் போன பிறகு நாங்களாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டோம். இறால் விலை ஜாஸ்தி, பிள்ளைகள் தின்னட்டும் என்று உங்கள் பங்கை விட்டுக்கொடுத்தீர்கள். கை அரிப்பெல்லாம் சும்மா. தாய் மனசு. இப்படித்தான் நானும் விஜயாவும் பேசிப் பேசி அழுதோம். அதனால் உங்கள் முதல் நினைவு நாளில், தலைவாழை இலையில், சோற்றுக்குப் பக்கத்தில், மலை மாதிரி இறால் தொக்கு வைத்தேன். "உசுரோட இருந்தப்போ வாய்ல வெக்கலியே அத்தே. இப்பவாவது வயிறு நெறைய துன்னுங்க" என்று உங்கள் படத்துக்கு முன்னால் சத்தமாகவே சொன்னேன். தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மாமியாருக்கு இப்படி ஒரு மருமகனா என்றார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒவ்வொரு வருடமும் அதே இலை, அதே தொக்கு. போன வருடம் நண்டும் சேர்த்தேன்.

இந்த வருடம்தான் தீபா தன்னோடு வேலை செய்கிற மும்பைப் பெண் ஒருத்தியைச் சாப்பிடக் கூட்டிவந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. உங்களைப் பார்த்துப் பழகிய பழக்கம், விஜயா இரண்டு விளக்கை ஏற்றி முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். அவள் பேசியதைத் தீபா எங்களுக்குச் சொன்னாள். மும்பையில் அவள் அம்மாவும் இப்படித்தான் ஏற்றுவாராம். இப்படியே முகத்தை மூடுவாராம். அவர்கள் யூதர்களாம்.

யூதர் என்றால் பைபிளில் வருகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அடுப்பங்கரைக்கு வருவார்கள் என்று தெரியாது. அதையே கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண், இது உங்களிடமிருந்து வந்த பழக்கம் என்று தெரிந்துகொண்டு, இன்னொன்று கேட்டாள். அதையும் தீபாதான் தமிழில் சொன்னாள். "ஒங்க ஆயா செதில் இல்லாத மீன் சாப்பிடுவாங்களா? நண்டு, இறால்? எங்க முறைப்படி அதெல்லாம் ஆகாது."

விஜயா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில், நான் வைத்த இலைகளெல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் விழுந்தன.

மறுநாளே திருவொற்றியூருக்கு ஓடினோம், உங்கள் தங்கச்சி வீட்டுக்கு. சின்னத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "ஆமா, எங்கம்மா வழியில எல்லாம் யூதருங்கதான். கொச்சியிலேர்ந்து பவழ யாவாரத்துக்கு வந்தவங்க. பவழக்காரத் தெருவுல இருந்தாங்களாம். யாவாரம் படுத்துச்சி, ஆளுங்க கலைஞ்சி பூட்டாங்க. எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் இட்டுக்கினு ராயபுரத்துல வந்து ஒண்டிக்கினாங்க."

"ஏன் சின்னத்தே எங்களுக்கு சொல்லல?"

"பொண்ணு கட்ட வர்றவன் வூட்ல ஆயிரம் கேப்பான்னு அப்போ சொல்லல. அப்பறம் ஒங்கிட்ட சொல்லணும்னு அக்கா ரொம்ப நாளா சொல்லிக்கினுதான் இருந்தா." கொஞ்ச நேரம் மென்றார். "இன்னா சொன்னா தெரியுமா? 'மாப்ள தங்கம். ஆனா அவன் வாய்ல வுழுந்தா தெருவே சிரிக்கும். எங்கம்மாவ பாத்து யாரும் சிரிக்க நான் வுட மாட்டேன்.' அதான்."

திரும்பி வரும்போது ரயிலில் விஜயா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வீடு கல்யாண வீடு மாதிரி ஆனது அத்தே. அடுப்பங்கரைக் கதவை விரியத் திறந்து வைத்து விளக்கேற்றினாள் விஜயா. மும்பைப் பெண் தன் கையாலேயே ரொட்டி பின்னிச் சுட்டுக் கொண்டுவந்தாள். சடை போட்ட மாதிரி இருந்தது. சின்னத்தை உங்கள் அம்மா முணுமுணுக்கிற பாட்டென்று ஒரு அடி பாடினார். மீதி மறந்துவிட்டது என்றார். அந்தப் பெண்ணுக்கு மீதி தெரிந்திருந்தது. பாடினாள். சின்னத்தை அவள் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இந்த வம்சம் அம்மா வழியாகத்தான் வருமாம். அப்படியானால் நீங்கள், விஜயா, தீபா மூன்று பேரும் சேர்த்தி. "நைனா, இந்த வூட்ல நீ மட்டும்தான் வெளியாளு" என்றாள் தீபா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவில் உங்கள் நாற்காலியைப் பார்க்காமல் இருக்கவே கஷ்டப்பட்டேன். அந்தப் பாட்டின் மீதியை நீங்கள் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

பிறகு போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நினைவு நாள் வந்தது. படையல் போடலாமா, கூடாதா என்றே எனக்குத் தெரியவில்லை. விஜயாதான் தீர்த்துவைத்தாள். "எங்கம்மா வெளக்கும் ஏத்துனாங்க, எங்கப்பாவுக்கு எலையும் போட்டாங்க. ரெண்டும் சேந்ததுதான் அவங்க. எலை போடலாம். எறா மட்டும் வோணாம்." பிறகு கேட்டாள்: "தெருவுக்கு இன்னா சொல்லப்போறே?"

நல்ல செதில் வைத்த மடவை மீனாகப் பார்த்து வாங்கிவந்தேன். நீங்கள் விரும்பிச் சாப்பிட்டது. இலை போட்டோம். வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கிய அந்தோணி அண்ணன் இலையை எட்டிப் பார்த்து, "எறா தொக்கு எங்கடா?" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏதோ ஜோக் வரப்போகிறது என்று ஒருத்தர் முன்கூட்டியே சிரிக்கத் தயாரானார்.

"எங்க மாமியாரு யூதப் பொம்பள அண்ணே. அவங்க மொறையில எறா ஆவாது. கடைசி வரைக்கும் தொடல. எனக்குத் தெரியாம நான்தான் எலையில வெச்சேன்" என்றேன்.

அந்தோணி அண்ணன் உங்கள் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏசு சாமி பொறந்த கொலம்டா அது. இத்தினி வருசமா நம்ம தெருவுலயா இருந்துச்சி? சொல்லவே இல்லியே அந்தம்மா" என்றார். பிறகு, "சரி, கொழம்பு ஆறுது. சோத்தப் போடு" என்றார்.

அவ்வளவுதான் அத்தே. யாரும் சிரிக்கவில்லை. தெரு சிரிக்காது. சிரித்திருக்கக் கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் தெருவில் இல்லை, உங்களுக்கு எதிரே உட்கார்ந்து நீங்கள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தான்.

உங்கள் அம்மா பேர் ராகேல் என்று சின்னத்தை சொன்னார். யார் பேரையும் நான் முழுசாகச் சொன்னதில்லை, உங்களுக்குத் தெரியும். கட்டின பெண்டாட்டிக்கே பத்துப் பட்டப்பேர் வைத்தவன். இந்த ஒரு பேரை மட்டும், வண்டி ஓட்டும்போது, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, இருக்கிறபடியே சொல்லிப் பார்க்கிறேன்.