மே மாதம் முழுவதும்

ஜனவரி 21, 2025
திண்டுக்கல் குடும்ப நீதிமன்றம். மறுபடியும் வாய்தா. என் மகன் அமலோடு வாழ முடியாதென்று மருமகள் பிரின்ஸி பேத்தி கேத்தரினைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் மலை இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. திண்டுக்கல்லில் ஆசிரியை வேலை. அன்றிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை.
வக்கீல் சண்முகவள்ளி, "ஐயா, மனுதாரர் உங்க மகன். நீங்க இல்ல" என்கிறார். பேத்தியைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தது யார்? சட்டப் புத்தகத்தை மூன்று தடவை படித்தவன் நான். அந்த அம்மா எத்தனை தடவை படித்திருப்பார்?

பிப்ரவரி 6
நீதிபதி கேத்தரினைத் தனியே அறைக்குள் அழைத்து இருபது நிமிடம் பேசினார். குழந்தையின் நலன்தான் முக்கியமாம். பின்னே நாங்கள் கேடு நினைத்தா இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம்?
வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன். "அது சீக்ரெட் தாத்தா."
ஒன்பது வயது!

பிப்ரவரி 20
பிள்ளை தாயிடம்தான் இருக்கும் போலிருக்கிறது. இனி விடுமுறை நாட்களுக்குத்தான் சண்டை. கோடை விடுமுறையில் பாதி கேட்கலாம் என்றார் வக்கீல்.
"பாதியா? மே மாசம் முழுசும் வேணும்."
அமல் காதருகே வந்தான். "அப்பா, மே மாசம்னா..."
"நீ பேசாம இருலே. பேசிப் பேசித்தான் இங்க வந்து நிக்கிறோம்."
எதிர்த்தரப்பில் மறுப்பே இல்லை. பிரின்ஸி சிரித்த மாதிரிகூட இருந்தது. தோற்கிறவர்கள் அப்படித்தான்.

மார்ச் 14
தீர்ப்பு. பொறுப்பு தாய்க்கு. மே 1 முதல் 31 வரை எங்களுக்கு. கேட்டதைக் கேட்டபடி வாங்கிவிட்டேன்.

மார்ச் 15
சாக்லேட் கடை யாகூபிடம் சொன்னேன்.
"மே மாசமாண்ணே? டூரிஸ்ட் கூட்டத்துல கவனிக்க முடியாதுன்னு சீசன்ல நம்ம பிள்ளைகளையே கீழ சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிருவோம். நீங்க கோர்ட்டுக்குப் போயில்ல வாங்கிட்டு வந்திருக்கீங்க!"
கடை முழுக்கச் சிரிப்பு.
அறுபத்தெட்டு வருடமாகக் கொடைக்கானலில் இருக்கிறேன். புத்தகத்தின் மாதிரி மனுவில் மே என்றுதான் இருந்தது. சமவெளிக்காரர்கள் எழுதிய புத்தகம்.

மே 3
முன்னறை இரண்டும் சுற்றுலாக்காரர்களுக்கு. ஜனவரியிலேயே பேசி முடித்தது. கேத்தரினுக்கு அடுப்படியை ஒட்டிய அறையில் என் கட்டில். எனக்கு பெஞ்சு. அமல் வெள்ளனே சுற்றுலா வேனை எடுத்தால் மலைப்பாதையில் வடகவுஞ்சிப் பக்கம் நெரிசலில் கிடக்கிறான். வந்ததிலிருந்து பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தது இரண்டே தடவை.

மே 6
எனக்குச் சடை பின்னத் தெரியவில்லை. அவள் அழவில்லை. அழுதால் தேவலை.

மே 8
"என்னை எதுக்கு தாத்தா இங்க கூட்டிட்டு வந்தீங்க?" சட்டப்படி இதற்குப் பதில் இருக்கிறது.
பிரின்ஸிக்குப் போன் போட்டேன்.
"லீவுதான ஒனக்கு? வந்து பிள்ளையப் பாத்துக்கயேன்."
"மாமா, ஆர்டர்படி மே ஒங்களுக்குத்தான?"
"எங்களுக்குத்தான். அத நான் விட்டுக்கொடுக்கல. நீ வா, அம்புட்டுத்தான்."
போனில் ஏதோ ஒரு சத்தம். சிரிக்கிறாளா, அழுகிறாளா?
"பஸ்ல எடம் கெடைக்கணும்ல மாமா. சீசன்."

மே 31
அமல் நேற்று மதியமே வந்துவிட்டான். சவாரி இல்லையாம். சீசனில் சவாரி இல்லையாம்!
உத்தரவுப்படி இன்று மாலை ஐந்து மணிக்குள் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேத்தரின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒப்படைத்தேன். பிரின்ஸி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன். ஈரக் கை; தாள் நனைந்துவிட்டது.
எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்கவில்லை. உத்தரவில் அது இல்லை.